பலகாரமும் பிறமொழிக் கல்வியும்: ஒரு மறுப்புரை

பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கமொன்றின் ஆண்டு மலரிலே எண்ணெய்ச் சட்டியையும் அதில் வேகும் பணியாரத்தையும் பொருளாகக் கொண்டு எழுதப் புகுவது சிலருக்கு முகச்சுளிப்பை உண்டாக்கலாம். ஆய்வுக்குரிய பொருள்கள் ஏட்டிலே உள்ளன, அடுப்படியிலே இல்லை என்னும் எண்ணம் நம்மிடையே இன்னும் உயிரோடிருக்கின்றது. ஆயினும் இக்கட்டுரை அடுப்படியிலிருந்தே தொடங்குகின்றது. இது மறுக்க வந்த கருத்து முதலிற் பிழைபடுவதும் அங்கேதான்.

அக்கருத்து இதுவாகும்: மலையகத் தோட்டப்புறத்துப் பிள்ளையொன்று பிறநாட்டு மொழியொன்றைக் கற்க வேண்டுமாயின், முதலில் ஆங்கிலத்தைக் கற்று, அவ்வாங்கிலத்தின் வழியாகவே அம்மொழியைச் சென்றடைதல் வேண்டும், தோட்டத்துத் தமிழ் அதற்கு உதவாது. இதனை வெளிப்படையாகச் சொல்வோர் சிலரே. ஆனால் சொற்கோவைகளும், வகுப்புகளும், கைத்தொலைபேசியில் வரும் பாடங்களும் இதனை முடிந்த முடிபாகக் கொண்டே பெரும்பாலும் அமைக்கப்படுகின்றன. எதிர்வாதம் எழாத கருத்து நாளடைவில் இயற்கை நியதி போலத் தோன்றத் தொடங்கும். எனவே எதிர்வாதம் ஒன்றை எழுப்புதல் நம் கடமையாகின்றது.

எடுத்துக்காட்டாக ஸ்பானிய மொழியைக் கொள்வோம். எல்ல, பண்டாரவளை, அப்புத்தளை ஆகிய ஊவா மாகாணத்து ஊர்களுக்கு வரும் வெளிநாட்டுப் பயணிகளுள் ஸ்பானிய மொழி பேசுவோரும் உளர். தியலும நீர்வீழ்ச்சியைக் காணச் செல்வோர் கொஸ்லந்தையைக் கடந்து செல்கின்றனர். விடுதிகளிலும் உணவுக் கடைகளிலும் முச்சக்கர வண்டிகளிலும் உழைக்கும் தோட்டத்து இளைஞர் சிலர் அம்மொழியின் சொற்களைத் தாமே கற்க முயல்கின்றனர். உணவுப் பெயர்களிலிருந்து அவர்கள் தொடங்குவதும் இயல்பே. ஆனால் அவர்கள் கைக்கு எட்டுவது யாது? ஒரு பக்கத்தில் ஸ்பானியச் சொல்லும் மறுபக்கத்தில் ஆங்கிலச் சொல்லுமாக அமைந்த ஒரு பட்டியல். 'புஞுவேலோ' என்பதற்கு எதிரே 'பிரிட்டர்' என்றோ 'டோநட்' என்றோ எழுதப்பட்டிருக்கும். அவ்விளைஞர் பிரிட்டர் என்பதனைக் கண்டவருமல்லர், உண்டவருமல்லர். அறியாத பண்டத்தின் பெயருக்கு அறியாத இன்னொரு பண்டத்தின் பெயரே அவருக்குப் பொருளாகக் கிடைக்கின்றது. அவர் அதனை மனனம் செய்கிறார். பத்து நாளில் மறக்கிறார். பின்னர் 'தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மொழி வராது' என்னும் தீர்ப்பு அவர்மீது எழுதப்படுகின்றது. பிழை பட்டியலுடையது, பழி பிள்ளையுடையது.

பெயர் ஒன்று, பண்டம் பல

புஞுவேலோ என்பது யாது? ஸ்பெயின் நாட்டிலே நவம்பர் முதலாந் திகதி வரும் சகல புனிதர் திருநாளை ஒட்டி உண்ணப்படும் புஞுவேலோ, உள்ளே வெறுமையாகப் பொங்கி எழும் சிறு உருண்டை. அதனாலேயே அதனைக் 'காற்றுப் புஞுவேலோ' என்னும் பொருள்பட 'புஞுவேலோ தே பியென்தோ' என்பர். மெக்சிக்கோவிலோ அச்சொல் அகன்று மெலிந்த தட்டையொன்றைக் குறிக்கும். துணி விரித்த முழங்காலின்மேல் மாவை இட்டு இழுத்து மெலிதாக்கும் வழக்கத்தால் அதற்கு 'முழங்காற் புஞுவேலோ' என்ற பெயரும் உண்டு; கறுவா இட்டுக் காய்ச்சிய வெல்லப் பாகை அதன்மேல் ஊற்றுவர். கொலம்பியாவிலே அது பாற்கட்டி கலந்து பொரித்த உருண்டை, நத்தாருக்கு உரியது. 1492ஆம் ஆண்டு ஸ்பெயினிலிருந்து வெளியேற்றப்பட்ட யூதர்கள் தாம் சென்ற நாடுகளுக்கெல்லாம் அச்சொல்லைக் கொண்டு சென்றனர். அவர்தம் வழித்தோன்றல்கள் 'பிமுவேலோஸ்' எனச் சிறிது திரித்து வழங்கி, தமது விளக்குத் திருநாளிலே அதனைச் சுடுகின்றனர்.

இத்தனையையும் 'டோநட்' என்ற ஒரு சொல் தாங்குமா? தாங்காது. ஆனால் தமிழிலே தாங்கும் சொல் ஒன்று உண்டு. அது 'பணியாரம்'. செட்டிநாட்டிலே குழிச் சட்டியில் ஊற்றிச் சுடுவது பணியாரம். யாழ்ப்பாணத்திலே பனம்பழக் களியை மாவோடு பிசைந்து எண்ணெயிலே கிள்ளிப் போட்டு எடுப்பது பனங்காய்ப் பணியாரம். இனிப்பு, காரம், உருண்டை, தட்டை எனப் பண்டம் மாறினும் பெயர் மாறவில்லை. ஊருக்கு ஊர் பொருள் வேறுபட்டும் பெயர் ஒன்றாகவே நிற்கும் நிலை இரண்டு மொழிகளிலும் ஒன்றே. ஆகவே 'புஞுவேலோ' என்பதற்கு எதிரே 'பணியாரம்' என்று எழுதி, 'நமது பணியாரம் போலவே இதுவும் ஊருக்கு ஊர் வேறுபடும்' என்று ஒரு வரி சேர்த்துவிட்டால், மாணவர் அச்சொல்லின் பரப்பையே பெற்றுவிடுகிறார்.

ஆங்கிலத்தை இடைத்தரகராக வைப்பதன் கேடு இலங்கையிலே நமக்குப் புதிதன்று. சிங்கள மக்களின் கெவும் என்னும் பணியாரத்தை இந்நாட்டு ஆங்கிலத்தில் 'ஓயில் கேக்' என்பர். உலகின் பிற பாகங்களிலே அத்தொடர் எள்ளோ தேங்காயோ பிழிந்த பின் எஞ்சும் பிண்ணாக்கைக் குறிக்கும். புத்தாண்டுப் பண்டத்துக்கும் மாட்டுத் தீவனத்துக்கும் ஒரே பெயரைச் சூட்டிவிட்டு அதனை நாம் மொழிபெயர்ப்பு என்கிறோம்.

எதிர்த்திசையிலான தவறும் உண்டு. 'முறுக்கு என்பது எங்களுடைய சுர்ரோ' என்று பயணிக்குச் சொல்லிக் கொடுப்பது அத்தகையது. இரண்டும் உரலிலிட்டுப் பிழியப்படுவன. இரண்டுக்கும் நட்சத்திர வடிவத் துளை உண்டு. உண்மையே. ஆனால் சுர்ரோ கொதிநீரிற் கிண்டிய கோதுமை மாவினால் ஆவது. மேலே மொறுமொறுப்பும் உள்ளே மென்மையும் உடையது. முறுக்கு உள்ளும் புறமும் மொறுமொறுப்பாக இருந்தாலன்றி முறுக்காகாது. கருவி ஒன்று, பண்டம் வேறு என்று சொல்லத் தெரிந்தவரே இரு மொழிகளையும் அறிந்தவர். தன் பண்டத்தின் பெயரைக் கைவிட்டு விருந்தினரின் பெயரை அதற்குச் சூட்டுவது விருந்தோம்பலாகாது. கொக்கிஸ் இதற்கு நல்ல சான்று. ஒல்லாந்தரின் 'கூக்யெஸ்' என்னும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. பூ வடிவ இரும்பு அச்சை மாவிலே தோய்த்து எண்ணெயில் முக்கி எடுப்பது. தமிழ்நாட்டார் அதனையொத்த பண்டத்தை அச்சு முறுக்கு என்பர். ஸ்பெயினின் லா மாஞ்சா பகுதியிலும் இத்தகைய அச்சிலே வார்த்த பண்டம் உண்டு. அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'ஃப்ளோரெஸ்', அதாவது பூக்கள். அச்சைக் கையிலெடுத்துக் காட்டி இம்மூன்று பெயர்களையும் ஒருசேரச் சொல்லித் தரும் ஆசிரியர் ஒரு மணி நேரத்திலே ஒரு வரலாற்றையே கற்பித்துவிடுவார்.

சட்டியிற் பழுத்த கனி

இவையெல்லாவற்றிலும் வியப்புக்குரியது தொகுதிப் பெயர். சுர்ரோ, புஞுவேலோ, எள் கலந்து பொரித்துத் தேனிற் புரட்டிய பெஸ்தீஞோ, இலைபோல் மெலிந்த ஓஹுவேலா ஆகிய அனைத்தையும் ஸ்பானியர் 'ஃப்ரூத்தா தே சர்த்தேன்' என்னும் ஒரு பெயருள் அடக்குவர். 'ஃப்ரூத்தா' பழம், 'சர்த்தேன்' பொரிக்கும் சட்டி. சட்டியிற் பழுத்த கனி என்பதே அத்தொடரின் பொருள்.

இதனை ஆங்கிலவழி மாணவருக்குச் சொன்னால் அவர் சிரிப்பார். எண்ணெயிற் பொரித்த மாவு எங்ஙனம் பழமாகும் என்று கேட்பார். தமிழ் மாணவர் சிரிக்க வேண்டியதில்லை. அவர் வாயில் நாள்தோறும் வழங்கும் 'பலகாரம்' என்னும் சொல்லே அதற்கு விடை. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிக்கன் அச்சொல்லைப் 'பலாஹார' என்னும் வடசொல்லிலிருந்து வந்ததாகக் காட்டுகின்றது. பலம் என்பது பழம். ஆகாரம் என்பது உணவு. நோன்பு நாளிலே கொள்ளும் பழவுணவைக் குறித்த சொல் சிற்றுண்டியைக் குறித்து, பின்னர் முறுக்கையும் அதிரசத்தையும் வடையையும் குறிக்கலாயிற்று. மத்தியதரைக் கடலோரத்து மக்களும் நாமும் ஒருவரையொருவர் கேளாமலேயே எண்ணெயிற் பொரித்த பண்டத்தைப் பழத்தின் பெயரால் அழைத்திருக்கின்றோம். இதனாற் கடன் வாங்கலோ இனத் தொடர்போ இருந்ததென்று எவரும் முடிபு கட்ட வேண்டா, அது ஆய்வாகாது. ஆனால் கற்பித்தற் கருவியாக இதனினும் சிறந்தது வேறுண்டா? 'ஃப்ரூத்தா தே சர்த்தேன் என்றால் பலகாரம்' என்று ஒருமுறை சொன்னாற் போதும். அத்தொடர் ஆயுளுக்கும் மறக்காது.

ஓஹுவேலா பற்றி அவர்களிடையே ஒரு பழமொழித் தொடரும் உண்டு. 'மியெல் சோப்ரே ஓஹுவேலாஸ்' என்பர்; ஓஹுவேலாவின்மேல் தேன் என்பது பொருள். நல்லதொன்றோடு மேலும் ஒரு நன்மை வந்து சேரும்போது சொல்வது அது. 'பழம் நழுவிப் பாலில் விழுந்தாற் போல' என்று நம் வீட்டு முதியோர் சொல்வதும் ஏறக்குறைய அதே தருணத்திலேதான்.

எண்ணெயும் அவ்வாறே. 'அசேய்த்தே' என்னும் ஸ்பானியச் சொல் அரபு மொழியிலிருந்து வந்தது. முதலில் ஒலிவ எண்ணெயை மட்டுமே குறித்தது. இன்று வண்டிக்கு ஊற்றும் எண்ணெயும் அவர்களுக்கு அசேய்த்தேதான். நமது எண்ணெய் எள்ளின் நெய். இன்று தேங்காயெண்ணெய் உண்டு, மண்ணெண்ணெயும் உண்டு. 'அசூகர்' என்னும் சீனியின் பெயரோ அரபு வழியாக வடமொழிச் 'சர்க்கரா'விற்குச் செல்கின்றது. நமது சர்க்கரையும் அவ்வேரினதே. அச்சீனியோடு மெக்சிக்கோவிலே தூவப்படும் 'கனேலா' கறுவாவாகும். இலங்கைக் கறுவாவை மிகுதியாக வாங்கும் நாடுகளின் முன்வரிசையிலே மெக்சிக்கோ நிற்கின்றது. எல்லவில் வந்திறங்கும் மெக்சிக்கோப் பயணியின் தாய்வீட்டுப் பணியாரத்தில் இத்தீவின் மணம் முன்னரே கலந்திருக்கின்றது. அதனை அவரிடம் எடுத்துச் சொல்லத்தக்க இளைஞரை நாம் உருவாக்கியிருக்கிறோமா என்பதே கேள்வி.

காம்பிராவிலிருந்து காமராவுக்கு

தோட்டத்துத் தமிழ் பிறமொழிக் கல்விக்கு இடையூறு என்போர் அத்தமிழைச் செவிகொடுத்துக் கேட்டவரல்லர். தொழிலாளி வாழும் அறையை 'லயக் காம்பிரா' என்கிறோம். காம்பிரா போத்துக்கேயரின் 'காமரா'. அதுவே ஸ்பானியத்திலும் 'காமரா'. வீட்டின் முன்புறத்து 'இஸ்தோப்பு' ஒல்லாந்தர் தந்தது. 1505இல் வந்து 1658 வரை கரையோரங்களை ஆண்ட போத்துக்கேயர் விட்டுச் சென்ற சொற்கள் இந்நாட்டுத் தமிழிலே ஊறி, பிற்காலத்தில் மலையேறி வந்த மக்களின் வாயிலும் புகுந்துள்ளன. போத்துக்கேயமும் ஸ்பானியமும் இலத்தீன் என்னும் ஒரு தாய் வயிற்றுச் சகோதரிகள். ஆகவே குசினியை அறிந்தவர் 'கொசீனா'வை அறிவார். மேசை 'மேசா', பாண் 'பான்', கோப்பை 'கோப்பா', வாங்கு 'பாங்கோ', அலுமாரி 'அர்மாரியோ', துவாய் 'தோவாயா', சப்பாத்து 'சப்பாத்தோ'. ஒரு பாடமும் படியாத தோட்டத்து மூதாட்டியொருவரிடம் இச்சொற்களுட் பல முன்னரே உள்ளன. ஆங்கிலம் மட்டும் கற்றவர் இவற்றுட் பலவற்றைப் புதிதாகவே கற்றாக வேண்டும்.

எச்சரிக்கையும் வேண்டும். கதிரையை நம்பி 'கதேரா' என்று கேட்டால் ஸ்பானியர் தம் இடுப்பைத் தொட்டுப் பார்ப்பார். அவர்கள் மொழியில் அச்சொல் இடுப்பெலும்புப் பகுதியைக் குறிக்கும். நாற்காலிக்கு அங்கே வேறு சொல். இத்தகைய பிழைகளையும் தமிழ் வழியாகவே சுட்டிக் காட்ட முடியும். ஆங்கிலப் பட்டியலுக்கு இவ்விடர் இருப்பதே தெரியாது.

ஒலியும் தொடரும்

ஒலியை எடுத்துக்கொள்வோம். புஞுவேலோ என்ற சொல்லின் நடுவே நிற்கும் ஒலி நமது ஞகரம். ஆங்கில நெடுங்கணக்கில் அதற்கு எழுத்தில்லை. எனவே ஆங்கிலவழி நூல்கள் இரண்டு எழுத்துகளைச் சேர்த்து ஒருவாறு விளக்குகின்றன. ஞாயிறு என்று எழுதும் பிள்ளைக்கு அவ்விளக்கம் எதற்கு? ஸ்பானியரின் தகரம் பல்லிலே நா பொருந்தப் பிறப்பது. 'அனைத்தும்' என்னும் பொருள் தரும் சொல்லை அவர்கள் 'தோதோ' என்பர். ஆங்கில எழுத்தைப் பார்த்துப் படித்த நம்மவர் அதனை 'டோடோ' என்கின்றனர். அச்சொல்லின் நடுவிலுள்ள தகரம் மெலிந்து ஒலிப்பது நாம் 'அது' என்னும்போது ஒலிப்பதைப் போன்றதே. மாவைக் குறிக்கும் 'அரீனா'வின் முதலிலே எழுதப்படும் ஹகரம் ஒலியாது. ஆங்கிலப் பழக்கம் அதனை ஒலிக்கச் செய்து கெடுக்கின்றது.

சமையல் வினைகள் இன்னும் தெளிவான சான்று. வறுத்தல் வேறு, பொரித்தல் வேறு என்பது நம் வீட்டுச் சிறுமிக்கும் தெரியும். இந்நாட்டு ஆங்கிலத்திலோ இரண்டுமே 'பிறை பண்ணுதல்' ஆகிவிட்டன. ஸ்பானியத்திலே எண்ணெயிற் பொரிப்பது 'ஃப்ரெயீர்'. மல்லியை எண்ணெயின்றி வறுப்பது 'தொஸ்தார்'. ஆங்கிலத்தின் வழியே சென்றவர் மல்லியை எண்ணெயில் மிதக்க விடுவார். தமிழின் வழியே சென்றவர் தடுமாறார். பொன்னிறமாகும்வரை பொரித்தலை அவர்கள் 'தொரார்' என்பர். பொன்னைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த வினை அது. அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும் தாய் நூல்போல் இழுபடுவதைக் கம்பிப் பதம் என்றும், தண்ணீரிலிட்டால் உருட்ட வருவதை உருட்டுப் பதம் என்றும் பிரித்தறிகிறாள். ஸ்பானியப் பலகாரக்காரரும் 'புன்தோ தே ஈலோ', 'புன்தோ தே போலா' என்கின்றனர். ஈலோ நூல், போலா உருண்டை, புன்தோ பதம். சொல்லுக்குச் சொல் ஒத்து நிற்கின்றது.

தொடரமைப்பிலும் அவ்வாறே. 'நான் பணியாரத்தை விரும்புகிறேன்' என்னும் அமைப்பு ஆங்கிலத்துக்கு உரியது. நாம் வீட்டிலே 'எனக்குப் பணியாரம் பிடிக்கும்' என்கிறோம். ஸ்பானியரும் 'மே குஸ்தான் லோஸ் புஞுவேலோஸ்' என்பர். 'மே' எனக்கு, 'குஸ்தான்' பிடிக்கும். விரும்புபவர் நான்காம் வேற்றுமையில் நிற்க, விரும்பப்படும் பொருள் எழுவாயாகின்றது. ஆங்கிலவழி இலக்கண நூல்கள் இதனை ஒரு பெரும் புதிராக எடுத்து விரிவாக விளக்குகின்றன. தமிழ்ப் பிள்ளைக்கு அது ஒரு வரி.

தமிழ் எல்லாவற்றையும் தரும் என்று நாம் வாதிடவில்லை. சட்டி பெண்பால், சீனி பெரும்பாலும் ஆண்பால் என்னும் ஸ்பானியப் பால்பாகுபாட்டுக்குத் தமிழில் துணையில்லை. நமக்கு இவை இரண்டும் அஃறிணை. 'ஃப்ரூத்தா'வின் முதலொலி, கோப்பி என்று சொல்லிப் பழகிய நாவுக்குப் பயிற்சியின்றி வாராது. இங்கெல்லாம் உழைத்தே தீரல் வேண்டும். ஆங்கிலத்தை விலக்குக என்பதும் நம் வாதமன்று. நூலகத்தின் பெரும்பகுதியைத் திறக்கும் சாவி அது. ஆயின் எல்லாக் கதவுக்கும் அது ஒன்றே சாவி என்பதனை மறுக்கின்றோம்.

தடைகளுக்கு விடை

'தமிழ்வழி ஸ்பானியம் கற்பிக்க நூல் எங்கே?' என்பர். நூல் இல்லாமை முயற்சியின்மையைக் காட்டுமேயன்றி மொழியின் இயலாமையைக் காட்டாது. ஐபீரிய நாட்டார் தமிழ் கற்க வந்தபோது என்ன செய்தனர்? 1554இல் லிஸ்பனில் அச்சான சமய வினாவிடை நூலிலே தமிழ் உரோம எழுத்திலும் அதனோடு போத்துக்கேயமும் நின்றன. என்றீக்கே என்றீக்கஸ் பாதிரியார் தமிழிலக்கணத்தைப் போத்துக்கேயத்திலேயே எழுதினார். அந்தாம் தெ புரோயென்சாவின் தமிழ் - போத்துக்கேய அகராதி 1679இல் அம்பலக்காட்டில் அச்சேறியது. அவர்கள் நம் மொழியைத் தம் மொழியின் வழியாகக் கற்றனர்; இடையிலே மூன்றாம் மொழியொன்றை நிறுத்தவில்லை. நானூற்றெழுபது ஆண்டுகளின் பின்னரும் நாம் அவர்களுடைய அண்டை மொழியை அதே முறையில் அணுகத் தயங்குவது ஏன்?

'விடுதியில் வேலை செய்பவனுக்கு இத்தனை ஆழம் எதற்கு?' என்பது இரண்டாவது தடை. இதிலே வர்க்க இறுமாப்பு ஒளிந்திருக்கின்றது. பரிமாறுபவனுக்குப் பட்டியல் போதும், பொருள் வேண்டா என்பதே அதன் உட்கிடை. தேயிலை நிறுக்கும் தராசின் எண்ணை அறிந்தால் போதும், கணிதம் வேண்டா என்று ஒரு காலத்தில் இம்மக்களின் பிள்ளைகளைப் பற்றி எண்ணியவர்கள் எண்ணியதும் இதுவே. மொழியைப் பணிவிடைக்குரிய சொற்களாக மட்டும் கற்பவர் பணிவிடையிலேயே நிற்பார். பொருளோடு கற்பவர் மறுநாள் மொழிபெயர்ப்பாளராகலாம், ஆசிரியராகலாம், தம் ஊரைத் தாமே விளக்கும் வழிகாட்டியாகலாம்.

'அண்டை வீட்டுச் சிங்களத்தையே ஒழுங்காகக் கற்கவில்லை; ஸ்பானியம் எதற்கு?' என்பது மூன்றாவது. நியாயமான கேள்வி. ஆனால் நாம் சொல்லும் முறை சிங்களத்துக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும். கெவுமும் கொக்கிஸும் சித்திரைப் புத்தாண்டிலே வேலிக்கு மேலாகக் கைமாறும் ஊரில் அம்மொழியை அப்பண்டங்களிலிருந்து தொடங்கிக் கற்பிக்காதது யார் குற்றம்?

மீரியபெத்த

இவ்வாதத்துக்கு அவசரம் உண்டு. அதனை மீரியபெத்த உணர்த்துகின்றது.

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 22ஆந் திகதி தீபாவளி. பதுளை மாவட்டத்துத் தோட்டங்கள் அனைத்திலும் போலவே கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தத் தோட்டத்து லயங்களிலும் பலகாரச் சட்டிகள் அடுப்பேறியிருக்கும். சரியாக ஒரு வாரத்தின் பின், 29ஆந் திகதி காலையில், மலைச்சரிவு பெயர்ந்து வந்து லயங்களை மூடியது. மாண்டோரும் காணாமற் போனோரும் முப்பதின்மருக்கு மேல். அவ்விடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்ததாக அப்போது செய்திகள் வெளிவந்தன. எச்சரிக்கை குடிபெயர்வாக மாறவில்லை. இதனை மொழிப் பிரச்சினையென்று சுருக்குவது அநீதி. அது நிலவுரிமையின், வீட்டுரிமையின் பிரச்சினை. தம் காணிக்கும் கூரைக்கும் தாம் உரியவராகாத மக்களின் பிரச்சினை. பலகாரத்தை முன்வைத்து அதனை மறைக்க நாம் வரவில்லை.

ஆயினும் மொழியைக் கற்போரும் கற்பிப்போரும் அங்கே தம் பங்குக்குக் காண வேண்டியது ஒன்று உண்டு. தோட்டத்துத் தமிழ் ஏட்டிலே இருப்பது குறைவு. மக்கள் வாயிலே வாழ்கின்றது. பாகின் பதத்தைத் தண்ணீரிலிட்டுப் பார்த்துச் சொல்லும் மூதாட்டியோடு அப்பதத்தின் பெயரும் போய்விடக் கூடும். ஒரு லயம் மண்ணுள் மறையும்போது சொற்களும் மறைகின்றன; அவற்றை எவரும் கணக்கெடுப்பதில்லை. மண்சரிவு இல்லாத ஊரிலும் மெல்ல மெல்ல இதுவே நிகழ்கின்றது. வகுப்பிலே 'தோட்டப் பேச்சு' என்று ஏளனஞ் செய்யப்பட்ட பிள்ளை தன் பாட்டியின் சொல்லைப் பட்டணத்துப் பேருந்திலே விட்டுவிட்டு இறங்குகின்றது. பின்னர் பிறமொழிச் சொல்லொன்று வந்து கதவைத் தட்டும்போது, அதனை வரவேற்று உட்கார வைக்க வீட்டிலே ஆளில்லை.

மீரியபெத்த மூடுண்ட அதே வாரத்தின் இறுதியில், நவம்பர் முதலிரு நாட்களில், ஸ்பெயின் மக்கள் வழக்கம்போல் கல்லறைகளுக்குச் சென்று தம் இறந்தோரை நினைந்தனர், புஞுவேலோ உண்டனர். நமது தோட்டங்களிலும் தீபாவளியன்று முன்னோரை நினைந்து புத்தாடையும் பலகாரமும் படைக்கும் குடும்பங்கள் பல. இன்று தியலும நோக்கிச் செல்லும் ஸ்பானியப் பயணியொருவர் கொஸ்லந்தைத் தேநீர்க் கடையிலே வண்டியை நிறுத்தி, கண்ணாடிப் பெட்டியிலிருக்கும் பண்டத்தைக் காட்டி 'இது என்ன?' என்று கேட்கிறார் என வைத்துக்கொள்வோம். பட்டியல் படித்த இளைஞர் 'பிரிட்டர்' என்பார். உரையாடல் அங்கேயே முடியும். நாம் விரும்பும் இளைஞர், 'இதன் பெயர் அதிரசம். இது எங்கள் ஃப்ரூத்தா தே சர்த்தேன். நீங்கள் இறந்தோர் நாளிலே புஞுவேலோ உண்பது போல நாங்களும் இதனை எங்கள் இறந்தோருக்குப் படைக்கிறோம். அதோ அந்த மலைக்கு அப்பாலும் படைக்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள்' என்பார். அவ்வாறு சொல்வதற்கு நூறு ஸ்பானியச் சொற்கள் போதும். ஆனால் அந்நூறும் அவருடைய சொந்தச் சொற்கள் நூறின்மேல் ஏறி நிற்றல் வேண்டும்.

செய்ய வேண்டியன

செய்யத்தக்கவை பெருஞ்செலவுடையன அல்ல. சி. வி. வேலுப்பிள்ளை மலையக மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தார். பாடலுக்கு நிகழ்ந்தது சொல்லுக்கும் நிகழ்தல் வேண்டும். விடுமுறைக்குத் தோட்டங்களுக்குத் திரும்பும் மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டு அடுப்படிச் சொற்களை, பண்டத்தின் பெயர், கருவியின் பெயர், செய்வினை, பதத்தின் பெயர் என நான்காகப் பிரித்து எழுதி வரட்டும். ஒரு விடுமுறைக்கு நூறு சொல் என்றால், மூன்றாண்டிலே ஒரு சொற்கோவை உருவாகிவிடும். அதனை அடிப்படையாகக் கொண்டு, ஆங்கிலத்தின் இடையீடின்றி, ஸ்பானியத்துக்கும் சிங்களத்துக்கும் இரண்டு சிறு கைந்நூல்களைத் தமிழ்த் துறையும் மொழித்துறைகளும் சேர்ந்து ஆக்கலாம். முதற் பாடம் மேசை, பாண், கோப்பையில் தொடங்கட்டும். இரண்டாவது பாடம் எண்ணெய்ச் சட்டிக்கு வரட்டும்.

முகஞ்சுளித்து இக்கட்டுரையைப் படிக்கத் தொடங்கியவர்களிடம் இறுதியாக ஒன்று கேட்போம். உங்கள் வீட்டிலே அதிரசத்துக்குப் பாகு எடுக்கும் பதத்தின் பெயர் என்ன? உடனே விடை சொல்லக் கூடியவர் நம்முள் எத்தனை பேர்? விடை தெரியாதவர் இவ்விடுமுறையிலே முதலில் அதனைக் கேட்டு எழுதிக்கொண்டு வரட்டும். விடை சொல்லக் கூடியவர்கள் இன்னும் நம் வீடுகளிலே இருக்கிறார்கள்.